கேரவன் தளத்தில் ஒரு யூனிட் என்ன விலை?

'கேரவன்' என்றதும் உங்களில் பலருக்குச் சினிமாப் படப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளுகுளு வண்டி. பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், சக்கரம் வைத்த சின்ன வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை எல்லாம் இருக்கும். கோடை விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கடற்கரைப் பக்கமோ மலைப் பக்கமோ இழுத்துக்கொண்டு போய், அதற்கென்றே உள்ள தளத்தில் நிறுத்தித் தங்குவார்கள். இன்னொரு வகையும் உண்டு. பெயரளவில் நகரும் வீடு. ஆனால் ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும். ஓய்வுபெற்ற முதியவர்கள் பலர் பழைய வீட்டை விற்றுவிட்டு இத்தகைய வீடுகளில் நிரந்தரமாகவே வாழ்கிறார்கள்.

இந்த இரு சாராருக்கும் பெரும்பாலும் மின்சாரத்தைக் கொடுப்பது மின் நிறுவனம் அல்ல, தளத்தின் உரிமையாளர். அவர் நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு வண்டிக்கும் பிரித்துக் கொடுத்து, பிறகு பணம் வாங்குகிறார். எவ்வளவு வாங்கலாம்? எது நியாயம்? இதற்கு விடை காண, படிவம் 3 அறிவியலில் நீங்கள் படித்த மின்சாரப் பாடமே முக்கால்வாசி போதும். மீதிக்குக் கொஞ்சம் சட்டம் வேண்டும்.

நீல நிற பிளக்

பிரிட்டிஷ் வீடுகளில் இருப்பது நம் வீட்டில் உள்ள அதே மூன்று சதுர முள் பிளக்தான். நமக்கு அது அங்கிருந்து வந்ததுதானே. ஆனால் கேரவன் தளத்தில் அதைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு நிறுத்துமிடத்தின் அருகிலும் ஒரு குட்டைக் கம்பம் நிற்கும். அதில் மூடி போட்ட நீல நிற சாக்கெட் இருக்கும். மழையில் நனையும் இடம் என்பதால் மூடி. தொழிற்சாலைகளில் பயன்படும் இந்த வகை பிளக்குகளுக்கு நிறமே ஒரு மொழி. மஞ்சள் என்றால் 110 வோல்ட், நீலம் என்றால் 230 வோல்ட், சிவப்பு என்றால் 400 வோல்ட்.

கம்பத்துக்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கசிவைப் பார்ப்பவர். உங்கள் வீட்டுப் பெட்டியில் பெரியவர்கள் இ.எல்.சி.பி. என்று சொல்வார்களே, அந்த வேலையைச் செய்பவர். போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், அந்த மின்சாரம் ஈரத் தரை வழியாகவோ ஒரு மனிதர் வழியாகவோ கசிகிறது என்று கொண்டு உடனே துண்டித்துவிடுவார். ஈரப் புல்லில் வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடத்தில் இவர் இல்லாமல் முடியாது.

இரண்டாமவர் அளவுக்கு மேல் மின்னோட்டம் போகாமல் தடுப்பவர். நம் கதைக்கு இவர்தான் முக்கியம். தளத்தைப் பொறுத்து இவருடைய எல்லை 6, 10 அல்லது 16 ஆம்பியர். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

6 ஆம்பியர் என்றால் 230 × 6 = 1380 வாட். 10 ஆம்பியர் என்றால் 2300 வாட். 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். ஒரு வண்டிக்கு மொத்தமாகக் கிடைப்பது இவ்வளவுதான். வீட்டில் பயன்படுத்தும் சாதாரண கெட்டில் ஒன்றே 3000 வாட்.

ஒரு குடும்பம் 10 ஆம்பியர் கம்பத்தில் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலைக் குளிருக்கு 2000 வாட் ஹீட்டர் ஓடுகிறது. அம்மா தேநீருக்காக 3000 வாட் கெட்டிலைப் போடுகிறார். மொத்தம் 5000 வாட்; 5000 ÷ 230 = 21.7 ஆம்பியர். எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கம்பத்துக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைகிறது. தண்ணீர் கொதிப்பதற்குள் 'டக்' என்ற சத்தம். வண்டி முழுக்க இருட்டு. பட்டை சூடேறச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால்தான் உடனே ட்ரிப் ஆவதில்லை. சில தளங்களில் கம்பத்துக்குப் பூட்டு வேறு இருக்கும். இரவு உடையோடு போய்த் தள மேலாளரை எழுப்ப வேண்டும்.

மெதுவாகக் கொதித்தால் மிச்சமா?

இதனால்தான் கேரவன் பொருள்கள் விற்கும் கடைகளில் 750 வாட், 1000 வாட் என்று சின்ன கெட்டில்கள் கிடைக்கின்றன. இவற்றை வாங்கும் பலர், "குறைந்த வாட், அதனால் பில்லும் குறையும்" என்று நினைக்கிறார்கள். இங்கேதான் தேர்விலும் பலர் சறுக்குவது. நன்றாகக் கவனியுங்கள்.

15 பாகை செல்சியஸில் உள்ள 1 லிட்டர் தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுபோக வேண்டும். 1 கிலோகிராம் தண்ணீரை 1 பாகை சூடாக்க ஏறத்தாழ 4200 ஜூல் வேண்டும். ஆகவே 4200 × 85 = 357,000 ஜூல். ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி என்பது 3,600,000 ஜூல். வகுத்தால் சுமார் 0.1 யூனிட்.

3000 வாட் கெட்டில் இந்த வேலையை 119 வினாடியில் முடிக்கிறது. 1000 வாட் கெட்டிலுக்கு 357 வினாடி, ஏறத்தாழ ஆறு நிமிடம். இரண்டுக்கும் செலவான ஆற்றல் ஒன்றே. உண்மையில் மெதுவான கெட்டில் அந்த ஆறு நிமிடமும் சுற்றியுள்ள குளிர்ந்த காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், அதற்குத் துளி அதிகம்கூட ஆகும்.

திறன் வேறு, ஆற்றல் வேறு. கம்பத்தில் உள்ள துண்டிப்பான் திறனைப் பார்க்கிறது. மீட்டர் ஆற்றலை எண்ணுகிறது. சின்ன கெட்டில் ட்ரிப் ஆவதைத் தடுக்கும், பில்லைக் குறைக்காது.

தள உரிமையாளருக்கோ இரண்டுமே கவலை. 30 நிறுத்துமிடம், ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர் என்றால் 480 ஆம்பியர் வர வேண்டும். அவ்வளவு தடித்த கேபிளைப் புதைக்க யாராலும் கட்டுப்படியாகாது. எல்லாரும் ஒரே நொடியில் முழு அளவும் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், அதைவிடக் குறைந்த அளவுக்கே பொறியாளர்கள் வடிவமைப்பார்கள். நம் தாமான் வீடுகளுக்கு வரும் கேபிளும் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

அந்த நம்பிக்கை சில நேரம் சோதிக்கப்படும். 1990 ஜூலை 4 அன்று உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. பெனால்டியில் இங்கிலாந்து தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பிரிட்டனே எழுந்துபோய்த் தேநீர் போட்டது. தேசிய மின்கட்டமைப்பில் தேவை திடீரென 2800 மெகாவாட் எகிறியது. ஒரு கெட்டில் 2.8 கிலோவாட் என்று வைத்தால், அது பத்து லட்சம் கெட்டில்களுக்குச் சமம். ஒரு கேரவன் தளத்தில் மழைக்கால மாலை ஆறு மணிக்கு நடப்பது இதன் குட்டிப் பதிப்பு.

சுருட்டி வைத்த கேபிள்

கட்டணத்துக்குப் போகும் முன் ஒரு சின்ன விலகல். கேரவன்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கை இது: "கேபிளைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துப் போடு." கம்பம் ஐந்து மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, கேபிளோ 25 மீட்டர். மிச்சத்தை ஏன் அவிழ்க்க வேண்டும்?

வழக்கமான ஆரஞ்சு நிறக் கேபிளில் உள்ள செம்புக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர். 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0172 ஓம். மின்னோட்டம் போய்வர 50 மீட்டர். ஆகவே 0.0172 × 50 ÷ 2.5 = 0.344 ஓம். 16 ஆம்பியர் ஓடும்போது வீணாகும் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வரும்: 16 × 16 × 0.344 = 88 வாட்.

88 வாட் என்பது பழைய குண்டு பல்பின் வெப்பம். 25 மீட்டர் நீளத்தில் புல்லின் மீது பரவிக் கிடந்தால் தெரியவே தெரியாது. அதையே இறுக்கிச் சுருட்டி வைத்தால் உள்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியில்லை. மேலுறை உருகும்; தீப்பற்றவும் கூடும். உங்கள் வீட்டில் நீட்டிப்பு வயர் சுருள் இருந்தால், அதில் இஸ்திரிப் பெட்டியை மாட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி மின்னோட்டத்தில், அதாவது 8 ஆம்பியரில் வீணாவது எவ்வளவு? 44 என்று சொன்னவர்கள் திரும்பவும் கணக்கிடுங்கள். வர்க்கம் இருக்கிறதே: 22 வாட்.

குளிர்காலமும் மெல்லிய சுவரும்

ஒரு கேரவன் ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும்? கோடையில் மிகக் குறைவு. எரிவாயு, மின்சாரம் இரண்டிலும் ஓடக்கூடிய உறிஞ்சல் வகைக் குளிர்பதனப் பெட்டிதான் கேரவன்களில் வெகுகாலமாக இருந்து வருகிறது. அதில் மோட்டாரே கிடையாது. சூடாக்கித்தான் குளிரவைக்கும்! 1922-இல் சுவீடனில் மாணவர்களாக இருந்த வான் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. சத்தமில்லாமல் ஓடும், ஆனால் நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைவிட அதிகம் தின்னும். 120 வாட் என்று வைத்து, நாள் முழுக்க ஓடினால் 2.9 யூனிட். விளக்கு, கைப்பேசி சார்ஜர், கெட்டில் எல்லாம் சேர்த்து 4 யூனிட் என்று கொள்ளலாம்.

குளிர்காலத்தில் கதை மாறும். கேரவனின் சுவர் சுமார் 3 சென்டிமீட்டர் தடிமன்தான். சுவர், கூரை, தரை, கண்ணாடி எல்லாம் சேர்ந்து 60 சதுர மீட்டர் என்போம். ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு பாகை வெப்ப வித்தியாசத்துக்கு 1.2 வாட் வெளியேறுகிறது என்போம். (இன்று புதிதாகக் கட்டப்படும் பிரிட்டிஷ் வீட்டுச் சுவரில் இது 0.3-க்கும் கீழே.) வெளியே 3 பாகை, உள்ளே 18 பாகை, வித்தியாசம் 15.

60 × 1.2 × 15 = 1080 வாட்.

ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவது போல, அந்த 1080 வாட்டை ஹீட்டர் இடைவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 26 யூனிட். கோடைக் குடும்பத்தின் 4 யூனிட்டோடு ஒப்பிடுங்கள்.

ஓர் இரவுக்கு ஒரே கட்டணமா, மீட்டரா?

இப்போது நியாயத்துக்கு வருவோம். யூனிட் 25 பென்ஸ் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். (100 பென்ஸ் ஒரு பவுண்டு.) பல தளங்களில் மின்சாரத்துக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வாங்குவார்கள். அது 5 பவுண்டு என்போம். கோடைக் குடும்பம் 1 பவுண்டு மின்சாரத்துக்கு 5 பவுண்டு கொடுக்கிறது. குளிர்கால விருந்தினர் 6 பவுண்டு 50 பென்ஸ் மின்சாரத்தை அதே 5 பவுண்டுக்குப் பெறுகிறார். கூரையில் சூரியத் தகடு பதித்து, எரிவாயுவில் சமைப்பவருக்கும் அதே 5 பவுண்டு.

பஃபே விருந்தை நினைத்துப் பாருங்கள். கொடுத்த காசுக்குச் சாப்பிட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வருமா, வராதா? ஒரே கட்டணத் தளத்திலும் அதுதான். கடற்கரைக்குப் போகும்போதும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அண்மைக் காலத்தில் மின்சாரக் கார்களும் வந்துவிட்டன. 10 ஆம்பியர் கம்பத்தில் இரவு பத்து மணி நேரம் காரை மாட்டினால் 23 யூனிட். கம்பங்கள் இப்படித் தொடர்ந்து முழுச் சுமை தாங்குவதற்காகப் போடப்பட்டவை அல்ல என்பதால், நிறுத்துமிடக் கம்பத்தில் கார் சார்ஜ் செய்யப் பல தளங்கள் தடை விதித்திருக்கின்றன.

அப்படியானால் எல்லாக் கம்பத்திலும் மீட்டர் வைத்தால் முடிந்ததா? இரண்டு இரவு தங்குபவருக்காக மீட்டர் வாங்கி, வரும்போதும் போகும்போதும் அளவு எடுப்பதற்கு ஆள் வைத்தால், அந்தச் செலவே மின்சாரச் செலவைத் தாண்டிவிடும். ஓரிரு நாள் விருந்தினருக்கு, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என இரண்டு கட்டணம் வைத்தாலே பாதி அநியாயம் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. ஆனால் நிரந்தரமாக அங்கேயே வாழ்பவர்களுக்கு மீட்டர் இல்லாமல் எந்தக் கணக்கும் நியாயமாகாது.

வாங்கிய விலைக்கே விற்க வேண்டும்

சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் மின்சாரத்தையும் எரிவாயுவையும் கண்காணிக்கும் அமைப்பின் பெயர் ஆஃப்ஜெம். 1989-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், மறுவிற்பனைக்கு உச்சவரம்பு விலை வைக்கும் அதிகாரத்தைத் தந்தது. 2003 ஜனவரி 1 முதல் அந்த உச்சவரம்பு மிக எளிமையானது: வீட்டுப் பயன்பாட்டுக்காக மின்சாரத்தை மறுவிற்பனை செய்பவர், தான் வாங்கிய விலைக்கு மேல் விற்கக் கூடாது. மின்சாரத்தில் இலாபம் பார்க்கக் கூடாது. இடவாடகையில் பார்த்துக்கொள்ளட்டும். கூடுதலாக வாங்கியிருந்தால், அந்தப் பணத்தைக் குடியிருப்பாளர் நீதிமன்றம் வழியாகத் திரும்பப் பெறலாம்.

எளிமையான விதிதான். சிக்கல் கணக்கில் இருக்கிறது.

ஒரு தளத்தின் மாதப் பில்லைப் பார்ப்போம் (எண்கள் கற்பனை, வரியைச் சேர்க்கவில்லை). வாசலில் உள்ள தலைமை மீட்டர் 9000 யூனிட் காட்டுகிறது. யூனிட் 25 பென்ஸ் என்றால் 2250 பவுண்டு. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் 45 பவுண்டு. மொத்தம் 2295 பவுண்டு. தளத்தில் உள்ள வீடுகளின் துணை மீட்டர்களைக் கூட்டினால் 6000 யூனிட்தான் வருகிறது.

மீதி 3000 எங்கே? பாதை விளக்குகள், பொதுக் குளியலறையின் சுடுநீர், அலுவலகம், துணி துவைக்கும் அறை. கொஞ்சம் புதைத்த கேபிள்களிலேயே வெப்பமாகப் போயிருக்கும். மேலே பார்த்த அதே வர்க்கக் கணக்கு.

உரிமையாளர் ஒருவர் இப்படிக் கணக்குப் போடுகிறார்: "என் பில் 2295. வீடுகள் பயன்படுத்தியது 6000. வகுத்தால் யூனிட் 38.25 பென்ஸ். நான் ஒரு பென்ஸ்கூட இலாபம் வைக்கவில்லையே!"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வாங்கிய விலை 38.25 அல்ல. நிலைக் கட்டணத்தை 9000 யூனிட்டுக்கும் சமமாகப் பிரித்தால் யூனிட்டுக்கு அரைப் பென்ஸ். ஆக வாங்கிய விலை 25.5 பென்ஸ். அலுவலகத்துக்கும் பாதை விளக்குக்கும் ஆன செலவை மின்சார விலைக்குள் ஒளித்து வைத்துவிட்டார். இடவாடகையில் அந்தச் செலவு ஏற்கெனவே அடங்கியிருந்தால், குடியிருப்பாளர் அதை இரண்டு முறை கட்டுகிறார்.

குளிர்கால மாதம் ஒன்றில் 400 யூனிட் பயன்படுத்தும் ஒரு பாட்டிக்கு இது என்ன செய்கிறது? சரியான பில் 102 பவுண்டு. வருவது 153 பவுண்டு. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அந்த 51 பவுண்டு, ஹீட்டரை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் உட்கார வைக்கும் தொகை. அவர் தலைமை பில்லைப் பார்த்ததில்லை. துணை மீட்டரில் 400 என்பது மட்டும் அவருக்குத் தெரியும். 400 சரியாக இருக்கிறது, ஆகவே பில்லும் சரி என்று கட்டிவிடுவார். தலைமை பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்டால்தான் வித்தியாசம் வெளியே வரும்.

இடையில் ஒருவர் நின்று மின்சாரம் விற்பதால் வரும் தொல்லை இதோடு நிற்பதில்லை. 2019 முதல் பிரிட்டிஷ் வீடுகளின் மின்கட்டணத்துக்கு ஆஃப்ஜெம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் தள உரிமையாளர் வாங்குவது பெரும்பாலும் வணிகக் கட்டணத்தில். அவருக்கு அந்த வரம்பு பொருந்தாது. அவரிடம் வாங்குபவருக்கும் பாதுகாப்பு இல்லை. 2022-இல் எரிபொருள் விலை ஏறியபோது, அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டு உதவி அறிவித்தது. அக்டோபர் முதல் ஆறு தவணைகளில், மின் நிறுவனக் கணக்கு வழியாகத் தானாகவே வந்து சேர்ந்தது. நகரும் வீடுகளில் இருந்தவர்களுக்கோ நிறுவனத்தில் கணக்கே இல்லை. அவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கான இணைய வாசல் 2023 பிப்ரவரி இறுதியில்தான் திறந்தது. அப்போது குளிர்காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

வெளியூரில் வாடகை அறையில் தங்கிப் படிக்கும் அண்ணனோ அக்காவோ உங்களுக்கு இருந்தால், குளிர்சாதனத்துக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு என்ன விலை வாங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு வீட்டு பில்லில் உள்ள விலையோடு ஒப்பிடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தளத்தில் தலைமை மீட்டர் 5000 யூனிட் காட்டுகிறது. யூனிட் 24 பென்ஸ்; நிலைக் கட்டணம் 30 பவுண்டு. துணை மீட்டர்களின் கூட்டுத்தொகை 4000. ஒரு வீட்டின் துணை மீட்டர் 250. அந்த வீட்டுக்கு 76 பவுண்டு 88 பென்ஸ் பில் வந்திருக்கிறது.

1. உரிமையாளர் எப்படிக் கணக்கிட்டிருக்கிறார்?
2. சரியான தொகை என்ன?
3. காணாமல் போன 1000 யூனிட்டில் 800 பாதை விளக்குகளுக்கும் அலுவலகத்துக்கும் போனது. 200 யூனிட் புதைத்த கேபிளில் வெப்பமாகப் போனது. அந்த 200-ஐ யார் கட்ட வேண்டும்?

விடை: (1) மொத்த பில்லான 1230 பவுண்டை 4000-ஆல் வகுத்து, 250-ஆல் பெருக்கியிருக்கிறார். (2) 61 பவுண்டு 50 பென்ஸ்; 15 பவுண்டு 38 பென்ஸ் கூடுதலாக வாங்கப்பட்டிருக்கிறது. (3) இதற்கு ஒரே விடை கிடையாது. கேபிளின் தடிமனைத் தேர்ந்தெடுத்தவர் யார், அதன் வழியே ஓடிய மின்சாரத்தைப் பயன்படுத்தியவர் யார் என்ற இரண்டையும் வைத்து, வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடிப் பாருங்கள்.